ராக்கெட்டின் வாலில் அம்மா கட்டிய துணி

திரையில் மட்டுமே பார்த்துப் பழகிய என் அருமைத் தம்பி கதிருக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை முதலில் போகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? இங்கே எனக்குத்தான் இரண்டு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். நேற்று ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருக்கிறேன். "ராக்கெட்டு இன்னும் தலைக்குள்ளதான் சுத்துதாக்கும்?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். அவருக்கென்ன, சிரிப்பார்.

உங்கள் ராக்கெட் வீடியோவுக்குக் கீழே, குடைத்துணியில் பாராசூட் தைத்த படத்தைப் போட்டவள் நான். அடுத்த வீடியோவிலேயே அதைக் காட்டி, "காரமடை அக்கா தெச்சதைப் பாருங்க, இனி நமக்குப் பிளாஸ்டிக் பை எதுக்குங்க?" என்றீர்கள். அன்றைக்குக் கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் வந்தாலே வயிற்றுவலி என்று சொன்னவள் நான். அப்படிப்பட்டவளை அரை முழக் காகிதக் குழாயை வைத்துக் கட்டிப்போட்டீர்களே.

ராக்கெட் மேலே போனதைவிட, போகாமல் விழுந்ததைத்தான் நீங்கள் ஆசையாகக் காட்டுவீர்கள். "ஏனுங்க, இது ஏன் இப்பிடி உழுந்துச்சுன்னு பாத்துரலாமுங்களா?" என்று மண்டி போட்டுத் துண்டு பொறுக்குவீர்கள். தான் தோற்றதை இத்தனை சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்ல வருகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மதுக்கரைப் பிரபுவைத் தெரியுமல்லவா, எப்போதும் முதல் ஆளாகக் கருத்து எழுதுவாரே, பட்டறைக்காரர். நீங்கள் கடைசியாகச் செய்து, பறக்கவிடாமல் போன அந்த நீல ராக்கெட்டை உங்கள் நினைவாக விட வேண்டும் என்று அவர்தான் கிளம்பினார். உங்கள் அம்மாவைப் பார்த்துப் பேசினார், அனுமதி வாங்கினார், அறுவடை முடிந்த தன் மாமனார் காட்டிலேயே இடமும் ஏற்பாடு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் அங்கே கூடினோம். நான் மடியில் புதுப் பாராசூட்டோடு உக்கடத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கருத்துப் பெட்டியில் சண்டை போட்டவர்களையெல்லாம் நேரில் பார்த்ததும் கூச்சமாக இருந்தது.

பிரபுவுக்குப் புது லேத் ஆனாலும் புது வண்டி ஆனாலும் பூஜை போடாமல் ஓடாது. ராக்கெட்டை மட்டும் விடுவாரா? சந்தனம், குங்குமம், அடியில் சுற்றி ஒரு மாலை, கூடவே எலுமிச்சம்பழம். அதற்குப் பிறகு உங்கள் அம்மா வந்தார்கள். கையில் ஒரு மஞ்சள் துணி, அதில் காசு முடிந்திருந்தது.

"அவன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப குலதெய்வத்துக்கு முடிஞ்சு வெச்சதுங்க, பொழச்சு வந்தா செலுத்தறேன்னு. இனி நான் எதுக்குங்க அங்க போறது? அவன் செஞ்சதோட மேல போகட்டும்" என்று சொல்லி, சாமி பாதத்தில் வைப்பதுபோல ராக்கெட்டின் இறக்கைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டினார்கள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான், மாலையும் காசுத் துணியும் வாலில் ஏறியிருப்பது எனக்கு உறைத்தது. "பாரம் மூக்குப் பக்கம் இருக்கோணும். வாலுல பாரம் ஏறுச்சுன்னா, எங்க போறதுன்னு அதுக்கே தெரியாதுங்க" என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருப்பீர்கள். சுற்றிலும் குழந்தைகள். எல்லோருக்கும் முன்னால் உங்கள் அம்மா. பிரபு பற்றவைக்கும் பொத்தானைக் கையில் எடுத்துவிட்டார்.

விடுவதற்கு முன்னால் நீங்கள் எப்போதும் திரும்பிப் பார்த்து, "யாருக்காச்சும் வேண்டாம்னு தோணுதுங்களா? சொல்லிப்போடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்" என்று கேட்பீர்கள். ஒருவர் சொன்னாலும் காரணம் கேட்காமல் நிறுத்திவிடுவீர்கள். அன்றைக்கு அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்காமலே நான் சொன்னேன், "வேண்டாமுங்க."

"என்னங்க்கா, நல்ல நேரத்துல இப்பிடிச் சொல்றீங்க?" என்றார் பிரபு.

"வாலுல பாரம் ஏறியிருக்குதுங்க தம்பி. கயித்துல கட்டி ஒருக்கா சுத்திப் பாத்துரலாம்."

அவரும் உங்களிடம் படித்தவர்தானே, முகம் மாறிவிட்டது. மின்கம்பியைக் கழற்றினார். மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் தானே எடுத்துப் போட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, ராக்கெட் சமமாக நிற்கும் இடத்தில் கயிற்றைக் கட்டித் தலைக்கு மேலே சுற்றினார். மூக்கு முன்னால் போக வேண்டியது, வால் முன்னால் போனது. இன்னொரு முறை சுற்றியும் அதேதான். மிச்சம் இருந்தது அந்தத் துணி ஒன்றுதான்.

யார் கேட்பது? ஆரம்பித்தவள் நான், நானே கேட்டேன். "ஏனுங்கம்மா, அந்தத் துணிய மட்டும் கொஞ்சம்..."

"அப்ப ஒண்ணுமே வேண்டாமுங்க" என்றார்கள். பிரபு கையிலிருந்து ராக்கெட்டை வாங்கி, கைக்குழந்தையைப் போல மாரோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ, "பெத்தவ மனச நோகடிச்சு என்னத்தச் சாதிச்சீங்க?" என்றார்கள். பாராசூட்டை மடித்து எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

சொல்லுங்கள் தம்பி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? ஒருவேளை நேராகவே போயிருக்குமோ? நான் சொன்னது சரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? நீங்களாக இருந்தால் அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்லியிருப்பீர்கள்? துணி வெட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் இதே யோசனைதான்.

உங்கள் கடைசி வீடியோவுக்குக் கீழே இன்னும் சந்தேகம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் இல்லை என்பது பலருக்குத் தெரியவே இல்லை. பாராசூட் ஒட்டிக்கொண்டு விரிய மாட்டேன் என்கிறது என்று கோபியிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள். கொஞ்சம் பவுடர் தூவி மடிக்கச் சொல்லிப் பதில் போட்டேன். அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் சொல்லாமல் நுழைந்ததுபோல இருந்தது.

இன்று காலையில் போன் வந்தது. "அம்மணி, நான் கதிரு அம்மா பேசறனுங்க."

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன்.

"உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். எதுக்கு வேண்டாம்னு சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் அவன் வீடியோவப் போட்டேனுங்க. அவன் போனதுக்கப்பறம் அந்தக் குரலக் கேக்கத் தைரியமே வரல. ஒண்ணு பாத்தேன், நிறுத்த முடியல. எல்லாத்தையும் பாத்துப்போட்டேன்." அதே மூச்சில், "ஏனுங்க அம்மணி, அவன் உங்ககிட்டயெல்லாம் எப்பவும் இப்பிடித்தான் சிரிச்சுப் பேசுவானுங்களா? ஊட்டுல கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லுவான். எம்பையனுக்குள்ள இத்தனை பேச்சு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே இல்லீங்க" என்றார்கள்.

ஆமாங்கம்மா என்பதற்குள் அழுதுவிட்டேன். அவர்கள் அழவில்லை. துணியை அவிழ்த்துக் கோயிலில் போட்டுவிட்டார்களாம். "சும்மா போடல, சாமிகிட்ட நல்லாச் சண்டை புடிச்சுட்டுத்தான் போட்டேன். வாசல்ல வெச்சு நானே கயித்துல கட்டிச் சுத்துனேன். இப்ப மூக்கு முன்னால போகுதுங்க. எப்ப வாரீங்க?"

வரும் ஞாயிறு போகிறோம் தம்பி. பறக்குமா, பாராசூட் விரியுமா, எதுவும் தெரியாது. பெற்ற பிள்ளை செய்தது, பக்கத்தில் நின்றுதான் பார்ப்பேன் என்று அம்மா இப்போதே அடம் பிடிக்கிறார்கள். ராக்கெட்டைப் பற்றி நான் எந்த வாக்கும் கொடுக்க முடியாது. அம்மாவைப் பற்றிக் கொடுக்கிறேன். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். எத்தனை திட்டினாலும் விடமாட்டேன்.

நேரில் ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்க வாய்க்காத,
உங்கள் அக்கா,
கலாமணி