இன்று இரண்டு கிளாஸ்

ஆனையூர், மதுரை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஐரினுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நீயும் மாப்பிள்ளை ஜோவும் சுகமாக இருப்பீர்கள். "இங்கே நாங்களும் சுகம்" என்று அடுத்த வரியை எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. சுகமா, இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

போன் இருக்க கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் அப்பாவிடம் இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ரூபினா போனிலிருந்து பேசி, நம் வீட்டில் நெட் சரியில்லை என்று நான் உனக்குச் சொன்னது பொய். அவள் வீட்டுக்காரர் நஜீம் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். பருப்புப் பொடி டப்பாவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்து படி.

குடியைக் குறைக்கிற அந்த ஆன்லைன் திட்டத்தில் நீ அப்பாவைச் சேர்த்து ஏழு வாரம் ஆகிறது. இன்று எத்தனை கிளாஸ், எதனால் குடித்தீர்கள் என்று தினமும் போனில் கேட்பார்கள். முதல் நாள் அவரிடம் நீட்டினேன். "முப்பது வருசமா நான் பரீட்சை வைக்கிறவன். எனக்கே பரீட்சையா? போ அங்கிட்டு" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு செல்லூர் ஒயின்ஷாப் பக்கம் கிளம்பிவிட்டார். கட்டம் காலியாகக் கிடந்தால் அங்கே அதைப் பார்த்து நீ மனம் நொந்துபோவாயே என்று நானே நிரப்பினேன்.

ஆமாம் ஐரின், அம்புட்டும் நான் எழுதியதுதான். அவர் குடித்தது ஆறு, ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு. நான் முதலில் நாலு என்று போட்டேன். அப்புறம் மூன்று. அப்புறம் இரண்டு. நீ "சூப்பர்ப்பா" என்று பூப்படம் அனுப்புவாய். அதைப் பார்த்து நானே நிஜமென்று நம்பிச் சந்தோஷப்பட்டேன், என்ன கூத்து பார்.

எனக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. அவர் கணக்கு வாத்தியார், நான் அதே பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். திங்கட்கிழமை அவரால் எழுந்திருக்க முடியாது. "காய்ச்சல் காரணமாக" என்று விடுப்புக் கடிதத்தை நானே எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டு, தலைமையாசிரியர் மேசையில் நானே வைப்பேன். அந்த மனுசனுக்கு வராத காய்ச்சலை எத்தனை தடவை வரவழைத்திருப்பேன்! சின்ன வயதில் நீ ஓடிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடே இல்லையேம்மா" என்பாய். சும்மா இரு என்று உன்னை அதட்டுவேன்.

எதனால் குடித்தீர்கள் என்ற கேள்விதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கலியாணமான நாளிலிருந்து அதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "ஏன் இப்படிக் குடிச்சுச் சாகுறீங்க" என்று கத்தியிருக்கிறேன், அதெல்லாம் ஒரு கேள்வியா? ஒருநாள் அலுப்பு என்று எழுதினேன். ஒருநாள் மகள் தூரத்தில் இருக்கிறாள் என்று எழுதினேன். ஒருநாள் ஆத்திரத்தில் "என் மனைவியின் வாய்க்குப் பயந்து" என்றே எழுதிவிட்டேன். ஆலோசகர் தமிழ்வாணி உடனே, "மனைவியிடம் மனம் விட்டுப் பேசுங்கள் சார்" என்று பதில் போட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அந்தத் தமிழ்வாணி, இரண்டுக்கு வந்துவிட்டீர்கள், இனி ஒருநாள் முழுக்க விட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். பாவம், நான் கொடுத்த கணக்கைத்தானே அவர் நம்புவார். நான் நல்ல செய்தி போல அதை அப்பாவிடம் வாசித்தேன். என்ன நினைத்தாரோ, "சரி, பார்ப்போம்" என்றார். வெள்ளி ராத்திரியோடு நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அந்த ஆட்டம் ஆடியது. வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. ரூபினா ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள்.

டாக்டரம்மா என்ன என்று கேட்டதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? காய்ச்சல் என்றேன்! அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தினமும் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டார். அதற்கும் இரண்டு என்றேன். கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, "ஆறு டாக்டர். அவ பேச்சைக் கேக்காதீங்க" என்றார். அம்புட்டுக் குடிப்பவர் இப்படி ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வந்திருக்கும், உயிரே போயிருக்கும், எங்களைக் கேட்டல்லவா குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். அவமானம் தாங்காமல் நான் நிற்கிறேன். உன் அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்றுதானே இத்தனையும் செய்தேன்?

நேற்று அவர் போனைக் கேட்டு வாங்கி, நான் எழுதிய ஏழு வாரத்தையும் படித்தார். திட்டவில்லை. எல்லா நாளையும் திருத்தினார். எதனால் என்ற இடத்தில் எல்லாம் "தெரியவில்லை" என்று போட்டார். என் வாயைப் பற்றி எழுதிய நாளில் மட்டும் "அவள் காரணம் இல்லை" என்று இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவே இல்லை.

இன்று காலை ஒரு தாளைக் கொடுத்தார். விடுப்புக் கடிதம். நடுங்கும் கையால் அவரே எழுதியது, எழுத்து கோணல்மாணலாகக் கிடக்கிறது. "குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவதால் பதினைந்து நாள்" என்று எழுதியிருக்கிறார். "நாளைக்கு எச்.எம். மேசையில வச்சிரு ஆனி" என்றார்.

ரிட்டையராக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஊர் என்ன பேசும்? அவர் வகுப்புப் பிள்ளைகள் என்ன பேசும்? வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கை சும்மா இருக்காமல், இன்னொரு தாளில் "காய்ச்சல் காரணமாக" என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் என் கைப்பையில் இருக்கின்றன.

நீ இதைப் படிக்கும்போது ஏதோ ஒன்றை மேசையில் வைத்திருப்பேன். நாளைக்குச் சாயங்காலம் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அம்மாவின் கை சரியான தாளை எடுத்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள் கண்ணு. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன்.

உன் அம்மா,
ஆனிமேரி இன்பசேகரன்