தண்ணீர் சேர்க்காத கணக்கு

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போனில் சொல்ல வாயெடுத்தால் "சரி விடுடி" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று அத்தான் கூப்பிட்டார். உன் கால் கட்டைவிரலில் வந்த புண் இன்னும் ஆறவில்லையாம். இரண்டு மாதமாக நீ விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதே இல்லையாம். கேட்டால், "தங்கச்சி கண்டுபிடிச்ச பட்டை வரப்போகுது, இனி எதுக்குக் குத்திக்கணும்?" என்கிறாயாம். அத்தான் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பட்டை வராது, அக்கா.

நடந்ததைச் சொல்கிறேன். என் வேலை கம்ப்யூட்டருக்குள்தான் என்று உனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துணுக்குகள் ஒட்டிய மெல்லிய கரித்தகடு ஒன்றை அதற்குள் உருவாக்கி, சர்க்கரை மூலக்கூறு அதன்மேல் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்று கணக்குப் போடுவேன். இறுக்கமாக உட்கார்ந்தால் தகட்டில் மின்சாரம் மாறும். தோலில் ஒட்டும் பட்டையே அளவைச் சொல்லிவிடும். நாலு மாதத்துக்கு முன் அப்படிப் போட்ட ஒரு கணக்கின் விடை பிரமாதமாக வந்தது. தலைகால் புரியாமல் உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். "இன்னும் ரெண்டே வருஷம்க்கா, ஊசியைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றேன்.

அந்தக் கணக்கில் தண்ணீர் இல்லை. தண்ணீரையும் சேர்த்தால் நாள்கணக்கில் ஓடும் என்பதால் முதலில் அது இல்லாமல் போட்டுப் பார்ப்பது வழக்கம். போன மாதம் சேர்த்தேன். சர்க்கரைக்கென்று நான் பார்த்து வைத்திருந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டது. சர்க்கரை பக்கத்தில் வருவதும் விலகுவதுமாகவே இருந்தது. மூன்று முறை போட்டும் அதே விடை. உடம்புக்குள் தண்ணீர் இல்லாத இடம் ஏது?

முதல் விடையை வைத்து நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. கட்டுரையை நிறுத்தினார். அதன்பின் என்னைப் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

அந்தத் தகட்டை நிஜமாகவே செய்து பார்க்கும் சோதனைக்காரர் ஒருவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். ஓய்வுபெறும் வயது. அவரிடமும் போனேன். கையிலிருந்த குடுவையை மெல்லக் கீழே வைத்தார். "மூணு மாசமா ஒரு தடவைகூட சரியா வரலம்மா. என் கைதான் போயிடுச்சுன்னு நெனச்சேன். வேலைய விட்டுடலாம்னு இருந்தேன்" என்றார். நான் போட்ட ஓர் எண்ணை நம்பி ஒரு மனிதர் தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறார். நீ என்னை நம்பி உன் காலை...

எழுத வரவில்லை.

இந்தக் குடியிருப்பில் என் கதவை யாரும் தட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்காரரிடம் "பை வேண்டாம்" என்று சொல்லும்போதுதான் என் குரலை நானே கேட்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. நல்லது ஒன்று நடந்ததும் யோசிக்காமல் ஏன் உன்னைக் கூப்பிட்டேன் என்பதற்குச் சொல்கிறேன்.

வேலை நின்றுவிடவில்லை. வேறு துணுக்குகளை வைத்து, இம்முறை தண்ணீரோடு, மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். எப்போது முடியும் என்று இனி வாய்விட மாட்டேன்.

உன்னை உடனே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அத்தானிடம் கெஞ்சியிருக்கிறேன். அடம் பிடிக்காமல் போய் வா. கடிதம் கைக்கு வந்ததும் விரலைக் குத்திப் பார். கோபமிருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே குத்திக்கொள். வரும் எண்ணை மட்டும் தினமும் எனக்கு அனுப்பு. வேறு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். எத்தனை இருந்தாலும் சரி, நீ அனுப்பியதாக இருந்தால் போதும்.

உன் கால் நன்றாக ஆகட்டும், அக்கா.

உன் தங்கை,
வாலு