மூன்றாம் பாகத்தில் எழுந்து வந்தவள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன் புத்தகத்தின் பின்னட்டையில் சிரிக்கிற சிரிப்பிலேயே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை.

மூன்றாம் பாகம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் எனக்குச் செய்தி வந்துவிட்டது. சலவைப் பிரிவில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன், நர்ஸ் ஒருத்தி ஓடி வந்து, "அக்கா, உங்க பையன் கதையில இளவரசி உயிரோட திரும்பி வந்துட்டா, தெரியுமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடைந்த முன்பல்லும், சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற கையுமாக அந்த இளவரசி யார் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். உன் தங்கைதான். இரண்டாம் பாகத்தில் கோட்டை விழுந்த போரில் அவளைச் சாகடித்தாயே, அதற்கு நான் கோபப்படவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அவள் போனது நிஜம், நீ எழுதினாய். இப்போது ஏதோ மலையுச்சிப் பச்சிலையைக் கசக்கி மூக்கில் வைத்ததும் எழுந்து உட்கார்கிறாளாம். அந்தப் போரில் செத்த பத்தாயிரம் வீரர்களில் ஒருவனுக்கும் அந்த இலை கிடைக்கவில்லை. போனில் கேட்டால், "இவ்ளோ சோகத்துக்கு அப்புறம் வாசகனுக்கு ஒரு நம்பிக்கை வேணும்மா, காவியக் கதைன்னா கடைசியில விடியணும்" என்கிறாய். உனக்குச் சுலபம்தான். நீ ஊருக்கு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது, அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. அவள்மேல் கிடந்த போர்வையை இதே சலவைப் பிரிவில் துவைத்து மடித்தவள் நான்.

உன் நம்பிக்கை இந்த வீட்டில் என்ன செய்தது என்று கேள். அப்பா அந்த அத்தியாயத்தை மட்டும் தினம் காலையில் படிக்கிறார். போன வாரம் நான் வேலை முடிந்து வந்தால், நாற்காலிமேல் ஏறி நின்று அவள் அறையில் புது பல்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்றேன். "இருட்டா கெடக்கு" என்றார். அவ்வளவுதான். பஸ் ஓட்டி முட்டி தேய்ந்த மனுஷன், விழுந்து தொலைத்தால் எந்த இலையை அனுப்புவாய்? ஆத்திரத்தில் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவர் பசை வாங்கிவந்து உட்கார்ந்து ஒட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

அப்போதுதான் முழுதாகப் படித்தேன். எழுந்தவள் வாளைக் கேட்கிறாள், குதிரையைக் கேட்கிறாள், அண்ணனைத் தேடுகிறாள். மூன்று நாள் பேசுகிறாள். அம்மா எங்கே என்று ஒரு வரி கேட்கவில்லை. நீ கேட்க வைக்கவில்லை. நான்காம் பாகம் எழுதுகிறாயாமே. ஒன்று, அவளை நிம்மதியாகப் போகவிடு. இல்லையென்றால் என்னைத் தேடச் சொல். எது செய்தாலும் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு.

குளிரில் காதை மூடாமல் திரியாதே. நீண்ட ஆயுளோடு இரு, கோபத்தில் சொன்னாலும் மனதாரத்தான் சொல்கிறேன். அப்பாவுக்குத் தனியாக எழுது.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா