பத்து நாளைக்கு

8-5-1964
மாரியம்மன் தேர் நிலைக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. பஸ் இன்னும் கடைத்தெருவுக்குள் வரவில்லை. தேர் ஓடும்வரைதானே திருவண்ணாமலை ரோட்டில் நிறுத்தச் சொன்னோம்? அங்கேயே கொட்டகை போட்டு, 'புது பஸ் ஸ்டாண்ட்' என்று போர்டும் மாட்டிவிட்டார்கள். தேருக்கு வழி கேட்டால் தெருவையே பிடுங்கிக்கொள்வதா?

11-5-64
என் கடையில் மூன்று ஈடு இட்லி மிஞ்சியது. மாட்டுக்குப் போட்டேன்.

19-5-64
எதிர்க்கடை ஜவுளி ராஜகோபால் அண்ணன் காலையிலிருந்து ஒரு புடவைகூட பிரித்துக் காட்டவில்லை. "தொண்டூர்க்காரன் பஸ்ஸ வுட்டு எறங்கினா நம்ம வாசல்லதான் எறங்குவான். இப்ப அங்கியே வாங்கிக்கினு அங்கியே ஏறிப் பூட்றான்" என்றார். பூக்காரி குஞ்சம்மாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். போகட்டும். நான் போகமாட்டேன். பன்னிரண்டு வருஷமாக என் அடுப்பு இந்தத் தெருவில்தான் எரிகிறது.

2-6-64
பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். "பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எவன் கேட்டான் உங்கள?"
குமாஸ்தா விநாயகம் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "நீங்கதாம்மா கேட்டீங்க. படிச்சுப் பாருங்க."
'தேர்த் திருவிழாவை முன்னிட்டு, கடைத்தெருவுக்குள் பஸ் வராதபடி செய்யுமாறு தெருவாசிகளாகிய நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.'
என் எழுத்து. கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். கீழே நாற்பது பேர் கையெழுத்தும் ரேகையும். பத்து நாளைக்கு என்று எழுதவில்லை. ஐயோ, எழுதவே இல்லையே! தேர்த் திருவிழா என்றால் பத்து நாள் — செஞ்சியில் இது தெரியாதவன் உண்டா? தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள், படுபாவிகள்! சரி, நான் ஏன் எழுதவில்லை?

7-6-64
தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை விட்டுப்போனது பாவமா?

20-7-64
இரண்டு மனு எழுதினேன். பஸ்ஸை மறுபடி விடச் சொல்லித் தெருவுக்காக ஒன்று. புது ஸ்டாண்டில் கடைக்கு இடம் கேட்டு எனக்காக ஒன்று. இரண்டாவது யாருக்கும் தெரியாது.

14-9-64
ஒன்றுக்குத்தான் பதில் வந்தது.

9-11-64
புது ஸ்டாண்ட் கடையில் இன்று நாலு அண்டா காபி போயிற்று. பழைய தெருவில் ஒன்பது கடைக்குப் பூட்டு விழுந்துவிட்டதாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.
பத்து மணிக்கு ராஜகோபால் அண்ணன் டிரங்குப் பெட்டியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கடையை மூடிவிட்டார். திண்டிவனத்தில் மச்சான் கடையில் துணி கிழித்துக் கொடுக்கப் போகிறார், இந்த வயசில்! காபி கொடுத்தேன்.
"நீயாவது பொழைச்சிக்கின, ஆரோக்கியம். நல்லா இரு. நம்ம தெருவ அழிச்ச அந்த ஆபீஸ்காரனுங்க நாசமாப் போவட்டும்."
"ஆமாண்ணே" என்றேன். "நாசமாத்தான் போவணும்."