நான் கையெழுத்துப் போட்ட தாள்

வாட்சன்வில்,
திங்கட்கிழமை

அன்பு மகள் நெரெய்டாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் சாக்ரமெண்டோவில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. உன் தம்பி பெண்டாட்டிக்கு இது எட்டாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசு. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நான் அழுவேன், சொல்லவேண்டியது நின்றுபோகும். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

போன வருஷமே பழம் பறிப்பதை விட்டுவிட்டேன், கொட்டகையில் உட்கார்ந்து பெட்டி அடுக்குகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய். ஸ்ட்ராபெர்ரி வரிசையில்தான் குனிந்துகொண்டிருந்தேன். ஏப்ரலில் பக்கத்து முட்டைக்கோஸ் வயலுக்கு அடித்த பூச்சிமருந்து, காற்று திரும்பியதால், பெண்கள் மேல் விழுந்தது என்று நீ அரசாங்க டாக்டராக அறிக்கை எழுதினாயே, அந்தப் பெண்களோடு நானும் இருந்தேன். மிளகாயை அரைத்துக் கண்ணில் பூசியது போல எரிந்தது. பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த ஒஃபேலியா என் மேலேயே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன பதினொரு பேர்தான் உன் பட்டியலில் இருக்கிறார்கள். நான் போனால் உனக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். மறுநாள் மேஸ்திரி ஃபோர்த்தினோ ஒரு தாளோடு வந்தார். உன் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று, அன்றிலிருந்து எனக்குக் கொம்பாத்ரே ஆகி, என்னைக் கொமாத்ரே என்று முறை சொல்லிக் கூப்பிடும் அதே ஃபோர்த்தினோதான். "கொமாத்ரே, மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் ஒரே சட்டிக் கோழியத் தின்னீங்க, அது கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். ஒரு கையெழுத்து போடுங்க, சீசன் முடியற வரைக்கும் உங்க வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். போட்டேன். வியாழக்கிழமை உன் அறிக்கை மேல் சாக்ரமெண்டோவில் நடக்கும் விசாரணையில் பண்ணை வக்கீல் அந்தத் தாளை உன் முன்னால் வைக்கப்போகிறார். பெற்ற தாயே கோழி என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள், வயலில் வளர்ந்த மகள் பண்ணைக்காரர்கள் மேலுள்ள பழைய வன்மத்தை அறிக்கையில் தீர்த்துக்கொள்கிறாள் என்று சொல்வாராம். நேற்று பூசை முடிந்ததும் ஃபோர்த்தினோவே வந்து சொன்னார். "அவ டாக்டர் பட்டமே போயிடும் கொமாத்ரே. அறிக்கையத் திரும்ப வாங்கச் சொல்லுங்க. நம்ம புள்ளன்னுதான் சொல்றேன்."

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன. உனக்கு ஒன்பது வயதில், சலினாஸில் லெட்யூஸ் கீரை வெட்டப் போயிருந்தபோது, வரிசையிலேயே வாந்தியெடுத்து மயங்கினாயே, கெட்டுப்போன சோளமாவு தமாலே தின்றதால் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். நர்ஸிடம் அப்படிச் சொன்னவள் நான். அன்றைக்கும் மருந்துதான். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை கையில் கத்தி கொடுத்தது தெரிந்தால் உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நடுங்கினேன். பயிர் போன இடமெல்லாம் பின்னாலேயே போய், ஒரே வருஷத்தில் நாலு பள்ளிக்கூடம் மாற்றினோம், வாத்தியார் உன் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவதற்குள் மூட்டை கட்டிவிடுவோம். அப்படியும் நீ மருந்து பீப்பாயில் ஒட்டியிருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து, "அம்மா, இதத் தொடாத, மண்டை ஓடு போட்டிருக்கு" என்று கத்தினாய். அன்றைக்கே நீ எங்களுக்கு டாக்டர். அங்கிருந்து ஏறி வந்தவளை என் கோணல் கையெழுத்து கீழே இழுப்பதா?

இன்று காலை வேலைக்குப் போகவில்லை. சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய், அந்தத் தாள் பொய் என்று எழுதிக்கொடுத்து, வியாழக்கிழமை சாட்சி சொல்லவும் பெயர் கொடுத்துவிட்டேன். ஒஃபேலியாவும் "நீங்க போனா நானும் வர்றேன் அக்கா, தனியாப் போகாதீங்க" என்று கூடவே வந்தாள். திரும்பும்போது நானே ஃபோர்த்தினோவிடம் சொன்னேன். "கொம்பாத்ரே, அன்னைக்கு யாரும் கோழியே கொண்டு வரல. பீன்ஸும் ரொட்டியும்தான். அதக்கூட நீங்க கேக்கல." அவர் என் முகத்தைப் பார்க்காமல் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அப்பாதான் இடிந்துபோனார். "இந்த வயசுல நமக்கு யாருடி வேலை குடுப்பா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வெளியே போனவர், சாக்ரமெண்டோவுக்கு இரண்டு பஸ் டிக்கெட்டோடு வந்தார். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. உனக்குக் கோபம் வரும், வரட்டும், விசாரணை முடிந்தபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

குவாதலூப்பே மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். வியாழன் காலை வெறும் வயிற்றோடு கிளம்பாதே. நான் உள்ளே வரும்போது அம்மா என்று எழுந்து ஓடி வந்துவிடாதே, பண்ணை வக்கீல் அதற்காகவே காத்திருப்பார். உன் இடத்தில் நீ உட்கார்ந்திரு. என் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து நிற்கிறேன்.

உன் அம்மா,
எவுலாலியா