சாரோனில் அப்பா எடுத்த பாட்டு

வடக்கு வேல்ஸ்
மார்ச் 1902

அன்புள்ள இவான் அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல லௌரி எழுதுவது. அம்மாவின் வலது கை இன்னும் மரத்தே கிடக்கிறது, மற்றபடி இங்கே மூன்று பேரும் இருக்கிறோம், அமெரிக்காவில் உன்னைக் கர்த்தர் சுகமாக வைத்திருக்கட்டும். நம் மைர் பாப்பா இறந்ததற்கு நீ எழுதிய பதில் வந்தது, அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். அதில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்கிறாள் அம்மா.

மைருக்கு நெஞ்சுச்சளி முற்றி, வீட்டில் கரியும் இல்லை ரொட்டியும் இல்லை என்று ஆனபோதுதான், ஊரார் இன்னும் வேலைநிறுத்தத்தில் இருக்க, அப்பா அதை விட்டுக் குவாரிக்குத் திரும்பினார், அந்த வாரமே அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் சாரோன் ஆலயத்துக்குப் போனோம். நம் ஆலயம் கட்டிய விதம் உனக்குத் தெரியும், தாத்தாக்கள் வைக்கோல் கொட்டகையில் கூடிய காலத்தில் போதகர் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றார் என்று கல்லிலும் அப்படியே கட்டிவிட்டார்கள், எந்தக் கதவால் நுழைந்தாலும் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், எல்லார் முகத்துக்கும் நேராகத்தான் போய் நிற்க வேண்டும். மேடையைக் குறுக்குச் சுவருக்கு மாற்றிக் கதவைச் சபைக்குப் பின்னால் வைக்கலாம் என்று மூப்பர்கள் பேசியிருந்தார்கள், வேலைநிறுத்தம் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. நாங்கள் நுழைந்தவுடன் கீழே இருந்தவர்கள் எழுந்து மரப்படி தடதடக்க மாடிக்கு ஏறிவிட்டார்கள், மூன்று பக்க மாடியும் நிறைந்து கீழே எல்லா இருக்கையும் காலி. மேடையடிப் பெரிய இருக்கையில் இருந்த மூப்பர் எலிஸ் அப்பாவிடம், "கிரிஃபித்து, இன்னிக்கு நீ பாட்டு எடுக்காதப்பா, சும்மா உக்காரு" என்றார். அப்பா, "பாட்டு எடுக்கத்தானே என்னைத் தேர்ந்தெடுத்தீங்க, நீக்கறதா இருந்தா சபையில சொல்லி நீக்குங்க" என்று சுருதி பிடிக்கும் இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். நாலு குரலும் சேர வேண்டிய இடத்தில் யாரும் சேரவில்லை. அம்மாவும் நானும் சேர்ந்தோம், அந்தக் கூரைக்கு அது போதவில்லை. மாடியிலிருந்து ஒருவர், "குவாரி துரையோட கோயில்ல போய்ப் பாடேன் கிரிஃபித்து, அங்க ஆர்கன் இருக்கு, ஆளே வேண்டாம்" என்றார், சிலர் சிரித்தார்கள். அப்பா கடைசி அடிவரை பாடி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போனார். எனக்கு அழுகை வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை.

இப்போது குவாரிக்குப் போகிறார், வருகிறார், கை கழுவுகிறார். ஞாயிறு காலையில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருக்கிறார். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கடையிலும் "அந்த ஆள் வீட்டுப் பொண்ணு வந்திருக்கு" என்றுதான் என்னைச் சொல்கிறார்கள். உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் அடுத்த கடிதத்தை அவர் பெயருக்குப் போடு என்கிறாள் அம்மா. தபால்காரர் ஹியூ உறைமேல் இருக்கும் பெயரை வாசலில் நின்று உரக்க வாசித்துத்தான் தருவார், யாராக இருந்தாலும். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் உள்ளே வெறும் தாளை வைத்தாலும் போதுமாம்.

கம்பளிச் சட்டை இல்லாமல் வேலைக்குப் போகாதே. கர்த்தர் உன்னைக் கைவிடாதிருப்பாராக. உறைமேல் கிரிஃபித் ரோலண்ட்ஸ் என்று முழுப்பெயரும் எழுது, எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.

அம்மா சொல்ல எழுதிய தங்கை,
லௌரி