பஞ்சை எரித்தது யார்?

12.03.1991, செவ்வாய், ஏறாவூர்

பஞ்சை எரிப்பது நெருப்பல்ல, ஒவ்வொரு முறையும் அல்லாஹ்வே எரிக்கிறான் என்று காலையில் மதரஸாவில் பாடம் நடத்தினேன். அந்தியில் மச்சானின் நெசவுக் கொட்டிலில் உட்கார்ந்து அவருக்கும் அதையே விளக்கினேன்.

இஷாத் தொழுகைக்கு அவர் குப்பி விளக்கை அணைத்துவிட்டு முன்னே போனார். கிதாபில் ஒரு பக்கம் மிச்சமிருந்ததால் நான் அதை மறுபடி ஏற்றினேன். பள்ளியில் தொழுகை தொடங்கும் இகாமத் கேட்டதும் நூல் பொதியருகே அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தொழுதுவிட்டு வந்தால் கொட்டில் எரிகிறது. சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்த அன்று அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த நூல் முழுவதும் சாம்பல்.

“விளக்க அணைச்சன் எண்டுதான் நினைச்சன். மறந்திட்டன் போல,” என்றார் மச்சான். “சரி, எரிச்சது அல்லாஹ்தானே? நீங்கதானே சொன்னீங்க.”

“ஓம் மச்சான்,” என்றேன்.

அந்த ‘ஓம்’ என்ற ஒரு சொல்லையும் அல்லாஹ்வின் மேல் சாட்ட மனம் வழி தேடுகிறது. நாக்கு என்னுடையது.